உளிக்கும் வரி, உப்புக்கும் சீட்டு: கைத்தொழிலுக்கு லைசென்ஸ் வந்த கதை

அனுமந்தையில் ஒருவர் சின்னதாக ஒரு தொழில் தொடங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய் ஒழுகினால் சரி செய்வார், ஃபேன் மாட்டுவார், கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவார், சுவரில் விரிசல் விட்டால் பூசுவார். எல்லா வேலைக்கும் ஒரே ஆள். இவர் யாரிடம் போய் அனுமதி வாங்க வேண்டும்?

இன்றைய விதியை மட்டும் சொல்வதென்றால் பத்து வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்த விதி ஏன் இப்படி இருக்கிறது என்று தோண்டினால் ரொம்ப தூரம் போகவேண்டியிருக்கிறது நண்பர்களே. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருக்கிறது அனுமந்தை. ஈசிஆரில் போனவர்களுக்கு அங்கிருக்கும் டோல்கேட் ஞாபகம் வரும். விழுப்புரம் மாவட்டம், 1993 வரை தென்னார்க்காடு. பக்கத்தில் மரக்காணம் உப்பளங்கள், மூவாயிரம் ஏக்கருக்கு மேல். வெயில் காலம் முழுக்க அங்கே வேலை, ஐப்பசி மழை பிடித்தால் பாத்தி எல்லாம் தண்ணீர். அந்த மாதங்களில் உப்பளத்து ஆட்கள் கையில் கிடைத்த வேலைக்குப் போகவேண்டியதுதான். அதனால் "எல்லா வேலையும் தெரிந்த ஆள்" என்பது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பழைய காலத்தில் ஊர்த் தச்சருக்கும் கொல்லருக்கும் லைசென்ஸ் கிடையாது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். காகிதம் கிடையாது, அவ்வளவுதான். அனுமதி இருந்தது. ஊர்தான் அதைக் கொடுத்தது, பிறப்பை வைத்துக் கொடுத்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர் பக்கத்துச் செங்கல்பட்டுச் சீமையை ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். அந்தக் கணக்கில் தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர் என்று ஒவ்வொருவருக்கும் விளைச்சலில் இன்ன பங்கு என்று எழுதியிருக்கிறது. களத்துமேட்டில் நெல் அளக்கும்போதே அவர்கள் பங்கு தனியாகப் போய்விடும். வருஷம் முழுக்க ஏர் செப்பனிட்டுக் கொடுப்பதற்கான கூலி அது.

இதைப் பொற்காலம் என்று கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு உற்சாகம் வரவில்லை. தச்சர் மகன் தச்சராகத்தான் ஆகவேண்டும், வேறு சாதிக்காரர் உளியைத் தொட முடியாது என்றால் அதைவிடக் கறாரான லைசென்ஸ் வேறு என்ன இருக்கிறது? புதுப்பிக்க ஆபீசுக்கு அலைய வேண்டாம் என்பது மட்டும்தான் சௌகரியம்.

அரசர்களும் சும்மா விடவில்லை. பல்லவர், சோழர் காலத்துச் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் வரிகளின் பெயர்களைப் பாருங்கள். தறிக்கு இறை, செக்குக்கு இறை, குயவருக்குக் குசக்காணம், பொற்கொல்லருக்குத் தட்டார்ப்பாட்டம். வண்ணாரப்பாறை என்றே ஒரு வரி, துணி துவைக்கும் கல்லுக்கு! உப்பு காய்ச்சுவது அரசனுடைய உரிமை என்பதற்கு "உப்புக்கோச்செய்கை" என்ற சொல் பல்லவர் செப்பேடுகளில் இருக்கிறது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. எந்தக் கருவி வைத்திருக்கிறாய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். சம்பாத்தியத்தை ஒளிக்கலாம், தறியையும் செக்கையும் எங்கே ஒளிப்பது?

இந்தப் பழக்கத்தை அப்படியே பிடித்துக்கொண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. சென்னை மாகாணத்தில் "மொஹ்தர்பா" என்று ஒரு வரி இருந்தது. பெயர் அரபு வழியாக வந்தது, தொழில் செய்கிறவர் என்று பொருள் வரும். நெசவாளர், தச்சர், உலோக வேலை செய்கிறவர், கடை வைத்திருப்பவர், கடையே இல்லாமல் தெருவோரம் கூடை வைத்து விற்கிறவர் வரைக்கும் எல்லோரும் கட்டவேண்டும். நிலவரி கட்டுகிற விவசாயிக்கு ஒரு வரி என்றால், நிலமே இல்லாத கைத்தொழில்காரருக்கு இது.

1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்று தொடங்கிய சென்னைச் சுதேசிகள் சங்கம் லண்டன் பாராளுமன்றத்துக்கு ஒரு நீண்ட விண்ணப்பம் அனுப்பியது. கம்பெனியின் சாசனம் 1853இல் புதுப்பிக்கப்பட வேண்டிய நேரம் அது, அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எழுதினார்கள். அதில் மொஹ்தர்பாவைப் பற்றி ஒரு குறை வருகிறது, படித்தால் தூக்கிவாரிப்போடும். சில தொழிலாளிகள் தங்கள் கருவிகளுக்கு வரி கட்டுகிறார்கள். ரொம்ப மலிவான கருவியைக்கூட விடுவதில்லை. பல சமயம் கருவியின் விலையைப் போல ஆறு மடங்கு வரி என்கிறது விண்ணப்பம்.

ஆறு மடங்கு! நம் காலத்துக்கு மாற்றிப் பாருங்கள். 300 ரூபாய்க்கு ஒரு ஸ்பேனர் வாங்கினால், அதை உபயோகிக்க 1,800 ரூபாய் கட்டவேண்டும். பொருளாதாரம் படிக்கிறவர்கள் இதற்குப் பெரிய பெயர் ஏதாவது வைத்திருப்பார்கள். எனக்கு இது வயிற்றில் அடிக்கிற வேலையாகத்தான் தெரிகிறது. கட்டமுடியாதவர் கதி என்ன? அந்தக் காலத்தில் அரசாங்கப் பாக்கியை வசூலிக்க மக்களை அடித்து உதைத்த கொடுமைகளை விசாரிக்கவே சென்னையில் ஒரு கமிஷன் போட்டார்கள், அதன் அறிக்கை 1855இல் வந்தது. சித்திரவதை கமிஷன் என்றே அதற்குப் பெயர்.

மொஹ்தர்பா போனது. பின்னாலேயே வேறு பெயரில் வந்தன. 1857 கலகத்தால் காலியான கஜானாவை நிரப்ப ஜேம்ஸ் வில்சன் 1860இல் வருமான வரி கொண்டுவந்தார். 1867இல் தொழில்களுக்கு லைசென்ஸ் வரி. அடுத்த வருஷமே அது சர்டிபிகேட் வரி ஆனது. பெயர் மாறிக்கொண்டே இருந்தது, கட்டுகிற ஆள் மாறவில்லை.

அதற்கப்புறம் வந்ததுதான் கொடுமை. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். அந்தப் பஞ்சம் ஓயும்போது, அடுத்த பஞ்சத்துக்கு நிதி சேர்க்கவேண்டும் என்று சொல்லி 1878இல் மறுபடியும் லைசென்ஸ் வரி. சென்னைக்குத் தனிச் சட்டமே போட்டார்கள். பம்பாய்ப் பக்கம் சூரத்தில் கடையடைப்பும் கலவரமும் நடந்தன. 1880இல் வருஷ வருமானம் 500 ரூபாய்க்குக் குறைந்தவர்களை விட்டுவிட்டார்கள், சின்னக் கைத்தொழில்காரர் மூச்சுவிட்டார். 1886இல் வருமான வரிச் சட்டம் வந்ததும் அந்த லைசென்ஸ் வரி முடிந்தது.

இங்கே "லைசென்ஸ்" என்ற வார்த்தையின் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். இந்த ஆளுக்கு வேலை தெரியுமா, இவர் கட்டின சுவர் நிற்குமா என்று யாருமே சோதிக்கவில்லை. பணம் கட்டினதற்கு ரசீது, அதற்குப் பெயர் லைசென்ஸ்.

மரக்காணம் கடற்கரையில் இதன் இன்னொரு முகமும் தெரியும். 1805இல் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. உப்பு விளைவிக்கிறவர் விளைந்ததைச் சர்க்காருக்கே கொடுக்கவேண்டும், அவர்கள் வைத்ததே விலை. 1889இன் சென்னை உப்புச் சட்டம் வந்தபோது லைசென்ஸ் இல்லாமல் உப்பு எடுப்பது தண்டனைக்குரிய குற்றம். தானாகப் பூத்த உப்பு மண்ணைச் சுரண்டினாலும் குற்றம்தான். பிரெஞ்சுப் பக்கம் போய்த் தப்பித்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. 1815இலும் 1818இலும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கைகளில் புதுச்சேரிப் பகுதியின் உப்பு உற்பத்தியையே பணம் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். தன் கையால், தன் ஊர்க் கடல் தண்ணீரில், தன் குழம்புக்கு உப்பு செய்ய முடியாத நிலைமை.

1930 கதை உங்களுக்கே தெரியும். தண்டி, வேதாரண்யம், ராஜாஜி. 1931 மார்ச் 5இல் கையெழுத்தான காந்தி இர்வின் ஒப்பந்தத்தில், உப்பு விளையும் இடங்களை ஒட்டிய கிராமத்தார் வீட்டுத் தேவைக்கும் அந்தக் கிராமத்துக்குள் விற்கவும் உப்பு எடுக்கலாம் என்று விட்டார்கள். 1947 ஏப்ரல் 1இல் உப்பு வரி போனது. சுதந்திரத்துக்குப் பிறகு 10 ஏக்கர் வரை உப்பளம் வைக்க லைசென்ஸ் வேண்டாம் என்றார்கள். 1996இல் லைசென்ஸ் முறையே எடுக்கப்பட்டது. இப்போது சாப்பாட்டு உப்பாக விற்கும்போது அயோடின் சேர்க்கவேண்டும் என்ற விதி இருக்கிறது. அது தின்கிறவன் உடம்புக்கான விதி, அதோடு எனக்குச் சண்டை இல்லை.

இனி நம்ம ஆளிடம் திரும்புவோம். இருபதாம் நூற்றாண்டில் உள்ளாட்சிகள் வந்தன. 1920இல் சென்னை மாகாணத்தில் நகராட்சிச் சட்டமும் ஸ்தல ஸ்தாபனச் சட்டமும் வந்தபோது "அபாயகரமான, அருவருப்பான தொழில்கள்" என்று ஒரு பட்டியல் போட்டார்கள். டி அண்ட் ஓ லைசென்ஸ் என்று இன்றும் கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். தோல் பதனிடுவது, செங்கல் சூளை, மரக்கடை, எண்ணெய் கிடங்கு என்று நாற்றமோ நெருப்போ வரக்கூடிய தொழில்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1950, 1958 பஞ்சாயத்துச் சட்டங்களும் 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் இதே வழியில்தான் போகின்றன.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த லைசென்ஸ் ஆளுக்குக் கிடையாது, இடத்துக்கு. இன்ன இடத்தை இன்ன காரியத்துக்கு லைசென்ஸ் இல்லாமல் உபயோகிக்கக் கூடாது என்றுதான் சட்டம் பேசுகிறது.

"வைதேகி காத்திருந்தாள்" (1984) படத்தில் கவுண்டமணி ஆல் இன் ஆல் அழகுராஜாவாக சைக்கிள் கடை வைத்திருப்பார் இல்லையா? பெட்ரோமாக்ஸ் லைட்டும் வாடகைக்கு உண்டு. அவருக்குக் கடை என்று ஓர் இடம் இருக்கிறது, அதனால் பஞ்சாயத்து அவரைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். (செந்தில் மேண்டிலை நசுக்கினதற்கு எந்தச் சட்டத்திலும் பரிகாரம் இல்லை!) அதே அழகுராஜா கடையை மூடிவிட்டு, ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனால்? இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அவர் தெரியவே மாட்டார். அனுமந்தையில் சைக்கிளிலோ டிவிஎஸ் ஃபிப்டியிலோ பை மாட்டிக்கொண்டு போகிற பிளம்பருக்கு ஊராட்சியில் உரிமம் தேவைப்படாமல் போனதற்கு வரலாற்றுக் காரணம் இதுதான். அவர்மேல் யாரும் இரக்கப்பட்டு விட்டுவிடவில்லை. சட்டம் கட்டடத்தைப் பார்த்தது, கையைப் பார்க்கவில்லை.

தொழில்வரி மட்டும் ஆளைப் பார்க்கும். மொஹ்தர்பாவின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பேரனுக்குக் கயிறு கட்டிவிட்டார்கள். ஒருவரிடம் வருஷத்துக்கு 250 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 276ஆவது பிரிவு வரம்பு வைத்தது, 1988இல் அது 2,500 ஆனது. தமிழ்நாட்டில் ஆறு மாத வருமானம் 21,000 ரூபாய் வரை இருந்தால் வரி இல்லை. கருவியின் விலையில் ஆறு மடங்கு என்ற காலத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவோ தேவலாம்.

வேலை தெரியுமா என்று நிஜமாகவே சோதித்த முதல் லைசென்ஸ், எனக்குத் தெரிந்து, கரண்ட் விஷயத்தில்தான். மரம் வளைந்தால் கதவு மூடாது, அவ்வளவுதான். ஒயர் தப்பானால் ஆள் போய்விடுவார். 1910 மின்சாரச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த விதிகளில், 1956ஆம் வருஷத்து 45ஆவது விதி இதைத் தெளிவாகப் பிரித்தது. பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் போன்றவற்றைக் கழற்றிப் புதிது மாட்டுவதற்கு லைசென்ஸ் வேண்டாம். புதிதாக லைன் இழுப்பது, இருப்பதை மாற்றுவது என்றால் லைசென்ஸ் பெற்ற கான்டிராக்டர் செய்யவேண்டும், தகுதிச் சான்று பெற்றவர் நேரில் மேற்பார்வை பார்க்கவேண்டும். பிறகு 2010இலும் 2023இலும் வந்த மத்திய மின்சார ஆணைய ஒழுங்குமுறைகளும் இந்தக் கோட்டைத்தான் பிடித்துக்கொண்டு போகின்றன. ஆக அனுமந்தை ஆள் பழைய ஃபேனை இறக்கிப் புது ஃபேன் மாட்டலாம். பின்கட்டில் மோட்டாருக்குத் தனி லைன் போட்டால் விதி மீறல்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நல்ல வாசல் வைத்திருக்கிறார்கள். மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று அரசு நடத்துகிறது. 21 வயது முடிந்திருக்கவேண்டும், ஒயரிங் வேலையில் 5 வருஷ அனுபவம் வேண்டும். ஐடிஐ சர்டிபிகேட் இல்லாதவரும் எழுதலாம். அப்பா என்ன தொழில் செய்தார் என்று கேட்பதில்லை, கையில் வேலை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். களத்துமேட்டுப் பங்கிலிருந்து இங்கே வந்து சேர எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது பாருங்கள்.

அப்பா தொழிலைக் கேட்பது ஓய்ந்துவிட்டது என்றும் நினைக்கவேண்டாம். 2023 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களுக்குப் பயிற்சியும் கடனும் தருகிறது. குடும்பத்தில் வழிவழியாகச் செய்துவரும் தொழில் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு எதிர்த்தது. சாதி பாராமல் என்று சொல்லி 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. இதில் இருக்கும் அரசியலை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் பாருங்கள். தச்சர், கொல்லர், குயவர் என்று போகிற அந்த 18இல் பிளம்பரும் எலக்ட்ரீசியனும் இல்லை என்பதைத்தான் நான் கவனித்தேன். ஊர்க் கணக்கில் பங்கு எழுதின காலத்தில் குழாயும் கரண்டும் இல்லையே!

இன்னொரு வகைக் காகிதமும் இருக்கிறது, தொழிலாளியே கேட்டு வாங்கினது. 1982இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் விடாமல் போராடி, 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. கொத்தனார், தச்சர், பெயிண்டர், பிளம்பர், எலக்ட்ரீசியன், வெல்டர் எல்லோரும் இதில் பதியலாம், 18 வயது முதல் 60 வரை. வீடு கட்டுகிறவர்களிடம் வாங்கும் நலவரியில் இது நடக்கிறது. விபத்தில் செத்தால் குடும்பத்துக்கு உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, வயதானால் ஓய்வூதியம். ஆயிரம் வருஷமாகக் கைத்தொழில்காரரிடம் வாங்குவதற்கே சீட்டு எழுதினவர்கள், முதல் தடவையாக அவருக்குக் கொடுப்பதற்குச் சீட்டு எழுதினார்கள். உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால உதவியாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தரும் திட்டம் 2022இல்தான் தொடங்கியது.

கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதில் லாபம் மட்டும் இல்லை என்பது இங்கேதான் புரிகிறது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, மரக்காணம் பக்கம் பலத்த சேதம். இப்படி ஒரு புயல் அடித்த மறுநாள் எந்தக் கடற்கரை ஊரிலும் முதலில் தேடப்படுகிற ஆள் இவர்தான். ஓடு மாற்ற, ஈரச் சுவரில் ஒயரைப் பார்க்க, மோட்டாரைக் கழற்ற. ஈரக் கூரையில் ஏறுகிறவருக்கு முதலாளி கிடையாது, பிஎஃப் கிடையாது, இஎஸ்ஐ கிடையாது. வாரிய அட்டை மட்டும் இருந்தால் உண்டு.

2025 ஜூலையில் மறுபடி பழைய வாசனை அடித்தது. கிராம ஊராட்சிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளுக்கும் சேவைத் தொழில்களுக்கும் உரிமம் கட்டாயம் என்று புதிய விதிகள் வந்த செய்தி பரவியது. டீக்கடைக்காரரும் தையல்காரரும் பணம் கட்டவேண்டுமா என்று வணிகர் சங்கங்களும் கட்சிகளும் எதிர்க்க, அரசு அதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அந்தச் சத்தத்தை ஆபீஸ் கணக்காக மட்டும் பார்த்தால் புரியாது. மொஹ்தர்பா என்ற பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை, ஆனால் சின்னத் தொழிலுக்குச் சீட்டு என்றதும் வருகிற எரிச்சல் அந்தக் காலத்தில் தொடங்கினது.

அப்படியானால் அனுமந்தையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற ஆளுக்கு என்னதான் வேண்டும்? வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள் சம்பாத்தியம் என்றால் ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். பேங்க் கடன் கேட்கப் போனால் உத்யம் பதிவு உதவும், 2020 முதல் இணையத்தில் இலவசம். கடை என்று ஓர் இடம் பிடித்து அதில் வெல்டிங், மர அறுப்பு என்று இறங்கினால் ஊராட்சி ஆபீசில் கேட்டுக்கொள்ளவேண்டும். ஒயரிங் செய்வதாக இருந்தால் கம்பியாள் உதவியாளர் தேர்வு எழுதி, லைசென்ஸ் உள்ள கான்டிராக்டரோடு சேர்ந்துதான் செய்யவேண்டும்.

என்னைக் கேட்டால் வரிசையை மாற்றுவேன். முதல் நாள் முதல் வேலையாக நல வாரியப் பதிவு. அதை இணையத்திலேயே செய்யலாம், கட்டணம் இல்லை. விழுப்புரத்தில் இதற்கென்றே தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகம் இருக்கிறது. ஸ்பேனர் வாங்குவது அதற்கப்புறம்.